வீட்டில் செய்த புரொஜெக்டர்: நடுவில் மட்டும் வெளிச்சம், ஓரமெல்லாம் இருட்டு. என்ன செய்யலாம்?

கேள்வி:

வணக்கம். மூன்று வாரமாக ஒரு புரொஜெக்டர் செய்துகொண்டிருக்கிறேன். சுவரில் படம் விழுகிறது, அது வரைக்கும் வந்துவிட்டேன், ஆனால் உட்கார்ந்து பார்க்கும்படி இல்லை.

என்னிடம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 7 அங்குல எல்சிடி பேனல், 1024 × 600. பின்னால் இருந்த பேக்லைட்டையும் வெள்ளைத் தாள் மாதிரி இருந்த டிஃப்யூசர் ஷீட்டுகளையும் கழற்றியாகிவிட்டது. 100 வாட் எல்இடி, அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர், அதைக் குளிர வைக்கப் பழைய கணினியிலிருந்து எடுத்த சிபியு கூலர். பேனலுக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு ஃப்ரெனல் லென்ஸ் (வட்ட வட்ட வரிகள் உள்ள தட்டையான லென்ஸ்), குவியத் தூரம் 12 செ.மீ. முன்னால் படத்தைச் சுவரில் விழ வைக்க ஒரு கண்ணாடி லென்ஸ், அகலம் 8 செ.மீ, குவியத் தூரம் 20 செ.மீ. எல்லாம் ஒரு பிளைவுட் பெட்டிக்குள். பெட்டியிலிருந்து சுவர் 2.2 மீட்டர், படம் ஏறக்குறைய 70 அங்குலம் வருகிறது.

பிரச்சினைகள்: நடுவில் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் பளிச்சென்று இருக்கிறது, நாலு மூலையும் கிட்டத்தட்ட கறுப்பு. எல்இடியை ஃப்ரெனலிலிருந்து 8 செ.மீ தூரத்தில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் இருந்தால் வெளிச்சம் கூடும் என்று நினைத்துத்தான். அடுத்தது, படம் தலைகீழாக வந்தது, சரி என்று பேனலை அப்படியே சுற்றி வைத்தேன், இப்போது நேராக நிற்கிறது, ஆனால் எழுத்தெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறி வருகிறது. படத்துக்கு மேலே மெல்லிய வட்ட வட்டக் கோடுகளும் தெரிகின்றன. எல்லாவற்றையும் விட பயமாக இருப்பது, பத்து நிமிடம் ஓடினால் நடுவில் கறுப்பாக ஒரு திட்டு தோன்றிப் பெரிதாகிக்கொண்டே போகிறது. அணைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடுகிறது.

கையில் இருக்கும் பணத்தில் இன்னும் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும். 200 வாட் எல்இடி வாங்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:

200 வாட்டே போடுங்கள். எல்சிடி பேனல் 100 பங்கு வெளிச்சத்தில் 5 அல்லது 6 பங்கைத்தான் வெளியே விடும். பின்னால் எவ்வளவு கொட்டினாலும் பத்தாது.

பதில் 2:

தயவுசெய்து வாங்க வேண்டாம். பேனல் அவ்வளவுதான் விடும் என்பது உண்மை, ஆனால் இவருக்கு வந்திருக்கும் பிரச்சினை அது இல்லை. வெளிச்சம் குறைவாக இருந்தால் படம் முழுக்க ஒரே மாதிரி மங்கலாக இருக்கும். நடுவில் பளிச்சென்றும் மூலையில் கறுப்பாகவும் இருந்தால் வெளிச்சம் இருக்கிறது, மூலை வழியாகப் போகிற ஒளி முன் லென்ஸுக்குள் நுழையாமல் பெட்டியின் சுவரில் மோதி வீணாகிறது என்று அர்த்தம். 200 வாட் போட்டால் நடு வட்டம் கண்ணைக் கூசும், மூலை அப்படியேதான் இருக்கும். அந்தக் கறுப்புத் திட்டும் பத்து நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடத்தில் வரும்.

உங்கள் ஃப்ரெனலுக்குக் குவியத் தூரம் 12 செ.மீ. எல்இடியை சரியாக 12 செ.மீ தூரத்தில் வைத்தால் ஒளி இணையாக வெளியே வரும். 8 செ.மீயில் வைத்தால் விரிந்துகொண்டே போகும். இணையாக வந்தாலும் போதாது, உங்கள் பேனல் குறுக்கே 15 செ.மீ, லென்ஸோ 8 செ.மீ. நடுவிலிருந்து வரும் ஒளி மட்டும்தான் லென்ஸுக்குள் போகும். அதனால்தான் வட்டம்.

செலவில்லாமல் இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். எல்இடியைப் பின்னால் இழுத்து ஃப்ரெனலிலிருந்து சுமார் 26 செ.மீ தூரத்துக்குக் கொண்டுபோங்கள். பெட்டி போதாவிட்டால் பின்பலகையைக் கழற்றிவிட்டு வெளியே ஏதாவது ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். முன் லென்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, தாளில் சின்னதாக, ஓரம் தெளிவாக ஒரு சதுரம் விழும் வரைக்கும் எல்இடியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அந்தச் சதுரம் எல்இடியின் பிம்பம்தான். அது லென்ஸுக்குள் அடங்கிவிட்டால் மூலையெல்லாம் வெளிச்சமாகும்.

மொத்தத்தில் படம் மங்கும், அதற்குப் பயப்படாதீர்கள். இவ்வளவு தூரத்தில் ஃப்ரெனல் பிடிக்கும் ஒளி, 12 செ.மீயில் பிடிப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். சோதனைக்கு அது போதும்.

கேட்டவர்:

இப்போதுதான் செய்து பார்த்தேன். தாளில் சதுரம் அப்படியே விழுந்தது, சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருப்பது கூடத் தெரிகிறது. லென்ஸைத் திரும்ப வைத்ததும் நாலு மூலையும் வந்துவிட்டது!! மங்கல்தான், ஆனால் முதல் முறையாக முழுப் படத்தையும் பார்த்தேன். அப்படியானால் வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவர என்ன வாங்க வேண்டும்?

பதில் 2:

இன்னொரு ஃப்ரெனல். அவ்வளவுதான். குவியத் தூரம் 20 செ.மீ பக்கம் இருக்க வேண்டும், பேனலை விடச் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். வேறு எதையும் வாங்க வேண்டாம்.

எல்இடியிலிருந்து 12 செ.மீ தள்ளி முதல் ஃப்ரெனல், அது ஒளியை இணையாக்கும். அப்புறம் பேனல். பேனலுக்கு முன்னால் இரண்டாவது ஃப்ரெனல், அது இணையாக வரும் ஒளியை மடக்கி 20 செ.மீ தள்ளி இருக்கும் முன் லென்ஸுக்குள் சேர்க்கும். ஃப்ரெனலில் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் விரலால் தடவினால் சொரசொரவென்று வரிகளோடும் இருக்கும் இல்லையா, இரண்டிலும் வரி உள்ள பக்கம் பேனலைப் பார்த்து இருக்கட்டும். மாற்றி வைத்தால் ஓரத்தில் ஒளி நிறைய வீணாகும்.

படத்தில் தெரிந்த வட்டக் கோடுகள் இந்த வரிகள்தான். பேனலோடு ஒட்டி வைத்திருப்பதால் அவையும் சேர்ந்து ஃபோகஸில் வருகின்றன. இரண்டு பக்கமும் 2 செ.மீ இடைவெளி விடுங்கள், காணாமல் போய்விடும்.

200 வாட் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 100 வாட் எல்இடியில் ஒளிரும் பகுதி பொதுவாக 2 செ.மீக்குச் சற்றுக் கூடுதலான சதுரம். 12, 20 என்ற இந்த அமைப்பில் அதன் பிம்பம் 1.7 மடங்காகி லென்ஸில் 4 செ.மீ சதுரமாக விழும், வசதியாக உள்ளே போய்விடும். வாட் கூடக் கூட ஒளிரும் பகுதியும் பெரிதாகும், பிம்பம் லென்ஸை மீறிப் போகும், மீறியது எல்லாம் வீண்.

பதில் 3:

எழுத்து இடம் வலம் மாறுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. பேனலின் முகம் இப்போது லென்ஸைப் பார்த்து இருக்கிறது, சரியா? அப்படி இருந்தால் படம் மேல் கீழ் மட்டும்தான் மாறி விழும். நீங்கள் பேனலை வட்டமாகச் சுற்றியதில் மேல் கீழ் சரியாகி, இடம் வலம் கெட்டுவிட்டது. இப்போது இருக்கும் நிலையிலிருந்து கதவைத் திறப்பது போல முன்பின்னாகத் திருப்பி, முகம் எல்இடியைப் பார்க்கும்படி வைத்தால் சரியாகிவிடும். எல்சிடி எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும் வேலை செய்யும், இரண்டு பக்கப் போலரைசர் படலங்களும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலங்கள்) அப்படியே இருந்தால் போதும்.

திருப்பும்போது ரிப்பன் கேபிளில் கவனம். கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் இடத்தில் மடங்கக் கூடாது, நான் முதல் பேனலைத் தொலைத்தது அங்கேதான். படத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு விழுந்துவிட்டால் அது திரும்பச் சரியாகவே ஆகாது. அங்கே அழுத்தாமல் கேபிளைப் பெட்டியோடு ஒரு டேப் போட்டு நிறுத்திவிட்டு, அப்புறம் பேனலைத் தொடுங்கள்.

பதில் 4:

தம்பி, கறுப்புத் திட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் மெதுவாகச் செய்யலாம், இது பேனலையே கொன்றுவிடும். எல்சிடிக்குள் இருக்கும் திரவப் படிகம் ஓர் அளவுக்கு மேல் சூடானால் சாதாரண திரவம் போல ஆகிவிடும், ஒளியைத் திருப்பும் குணம் போய்விடும், அந்த இடம் கறுக்கும். ஆறினால் திரும்ப வரும். ஆனால் அப்படியே ஓட விட்டால் போலரைசர் படலம் மஞ்சளாகி வெந்துவிடும், அது திரும்பாது. கறுப்பு தெரிந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

எல்இடியின் ஒளிக்கற்றையில் வெப்பக்கதிர் அதிகம் இல்லை என்று நினைத்துப் பலர் இங்கே ஏமாறுகிறார்கள். முதல் படலமே வரும் ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும், வண்ண வடிகட்டி இன்னும் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கும். விழுங்கியதெல்லாம் சூடுதான். அதுவும் உங்களுக்கு ஒளி நடுவில்தான் அதிகம் விழுந்தது, பின்பக்கம் ஃப்ரெனல் ஒட்டியிருந்ததால் காற்றும் போகவில்லை. இப்போது 2 செ.மீ விடப்போகிறீர்கள் இல்லையா, அதையே காற்றுப் பாதையாக்குங்கள். கீழே ஒரு ஃபேன் வைத்து, பேனலின் இரண்டு பக்கமும் காற்று உரசிக்கொண்டு மேலே போய் வெளியேற வேண்டும். சிபியு கூலரின் சூடான காற்று இந்தப் பாதையில் கலக்கவே கூடாது, நடுவில் ஒரு தடுப்புப் பலகை போடுங்கள்.

கூலர் ஃபேன் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? ஹீட் சிங்கில் (கூலரில் சூட்டை வாங்கும் உலோகப் பகுதி) ஒரு தெர்மல் சுவிட்சைப் பொருத்துங்கள், 70 டிகிரி வந்தால் தானாகத் துண்டிக்கும் வகை. சின்னப் பொருள்தான், பழைய மின்சாதனங்களில் கூடக் கிடைக்கும். ஹீட் சிங்குக்கு எர்த் கொடுத்திருக்கிறீர்களா? இல்லாவிட்டால் முதலில் அதைச் செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

இன்னும் ஒன்று, ஃப்ரெனலை ஜன்னல் ஓரத்தில் திறந்து வைக்காதீர்கள். வெயில் பட்டால் ஒரு புள்ளியில் குவித்துத் தீ வைத்துவிடும். துணி போட்டு மூடி வையுங்கள்.

பதில் 2:

படத்தின் அளவு பற்றியும் ஒரு கணக்கு. 100 வாட் எல்இடி 9000 லூமன் (வெளிவரும் மொத்த ஒளியின் அளவு) தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேனல் அளவுக்கு 12 செ.மீ தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பிடிபடும், 1800. பேனலைத் தாண்டி வருவது 100 லூமன். 70 அங்குலப் படத்தின் பரப்பு சுமார் 1.35 சதுர மீட்டர். வெள்ளைச் சுவரில் இது சதுர மீட்டருக்கு 23 கேண்டெலா பிரகாசம் தரும், திரையரங்குகளுக்கான அளவுகோல் 48. 50 அங்குலமாகக் குறைத்தால் பரப்பு பாதியாகி 45 வரைக்கும் போகும். லென்ஸில் கொஞ்சம் இழந்தாலும் இருட்டு அறையில் அருமையாக இருக்கும். பெட்டியைச் சுவரிலிருந்து 1.63 மீட்டருக்குக் கொண்டுவந்து, பேனலிலிருந்து லென்ஸ் வரைக்கும் 22 செ.மீ இருப்பதை 22.8 ஆக்குங்கள், ஃபோகஸ் வந்துவிடும்.

கேட்டவர்:

பத்து நாளாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும், ஃப்ரெனல் வந்து சேர்வதற்காகக் காத்திருந்தேன். எர்த் கொடுக்காமல்தான் வைத்திருந்தேன் அண்ணா, நீங்கள் கேட்ட அன்றே கொடுத்துவிட்டேன். தெர்மல் சுவிட்ச் ஒரு பழுதான காபி மேக்கரிலிருந்து கிடைத்தது, ஆனால் அதில் எழுதியிருந்த வெப்பநிலை அதிகமாக இருந்தது, அதனால் 70 டிகிரி ஒன்று தனியாக வாங்கினேன்.

நேற்று இரவு இரண்டு மணி நேரம் ஓட விட்டேன். கறுப்புத் திட்டு வரவே இல்லை. வட்டக் கோடு இல்லை, எழுத்து நேராக இருக்கிறது. 50 அங்குலம்தான், ஆனால் ஒரு முகத்தை அருகில் காட்டும்போது கண் இமை முடி தனித்தனியாகத் தெரிகிறது. அம்மா வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு விஷயம் மிச்சம். ஓரங்கள் நடுவை விடக் கொஞ்சம் மங்கலான ஃபோகஸில் இருக்கின்றன. அதிலும் இடது மேல் மூலை மற்ற மூன்றை விட மோசம்.

பதில் 3:

ஓரம் மங்குவது ஒற்றைக் கண்ணாடி லென்ஸின் குணம். மூன்று கண்ணாடி சேர்ந்த ட்ரிப்லெட் லென்ஸில் இது வெகுவாகக் குறையும், பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டர் எங்காவது கழித்துப் போட்டிருந்தால் அதன் தலையில் இருக்கும் லென்ஸைப் பாருங்கள், அடியில் பெரிய ஃப்ரெனலும் கிடைக்கும். இப்போதைக்கு கறுப்பு அட்டையில் 6 செ.மீ ஓட்டை போட்டு லென்ஸுக்கு முன்னால் ஒட்டுங்கள். எல்இடியின் பிம்பம் 4 செ.மீ சதுரம் என்பதால் அந்த ஓட்டைக்குள் அடங்கும், வெளிச்சம் குறையாது, ஓரம் தெளிவாகும்.

ஒரே ஒரு மூலை மட்டும் மோசம் என்றால் பேனலும் லென்ஸும் இணையாக இல்லை. லென்ஸ் பலகையிலிருந்து பேனலின் நாலு மூலைக்கும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

கேட்டவர்:

அளந்தேன். அந்த மூலை 2 மி.மீ பின்னால் சாய்ந்திருந்தது, கேபிளுக்குப் போட்ட டேப் இழுத்துக்கொண்டிருந்தது. டேப்பைத் தளர்த்தி ஒரு அட்டைத் துண்டு சொருகினேன், கறுப்பு அட்டையும் ஒட்டியாகிவிட்டது. இப்போது நாலு மூலையிலும் எழுத்தைப் படிக்க முடிகிறது.