புதுப்பிப்பு: எழுத்தாளரின் மனைவி வாசகருக்கு எழுதிய கடிதங்கள் – தேதியும் உரிமையும்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: மறைந்த எழுத்தாளரின் மனைவி ஒரு வாசகருக்கு எழுதிய, தேதியில்லாத இன்லண்ட் கடிதங்களை எப்படி வரிசைப்படுத்துவது, அச்சிடலாமா?

தேதிக்குக் கைகொடுத்தது, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கும் வழி. நேர் வெளிச்சத்தில் வெறும் கறையாக இருந்த தபால் முத்திரை, தாளில் பதிந்த அழுத்தத்தால் மாதம், ஆண்டோடு தெரிந்தது. முத்திரை அறவே அழிந்தவற்றில் பின்கோடு கட்டத்தைப் பாருங்கள். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. கட்டம் அச்சாகியிருந்தால் கடிதம் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. கட்டம் இல்லாததை வைத்து முந்தியது என்று முடிவுகட்டாதீர்கள், பழைய தாள் கையிருப்பில் இருந்திருக்கலாம்.

எதிர்பாராதது உரிமை விஷயம். தாள் வாசகருடையது, எழுத்தின் உரிமை எழுதியவருக்கு, பிறகு அவர் வாரிசுகளுக்கு. புதுமைப்பித்தன் படைப்புகள் 2002இல் ஆனதுபோலக் கணவரின் எழுத்து நாட்டுடைமையானாலும், மனைவியின் கடிதம் தானாக அதில் சேராது. எழுதியவர் இறந்து 60 ஆண்டில் உரிமை முடியும் என்ற கணக்கும் இங்கே செல்லாது: எழுதியவர் காலத்தில் வெளிவராத எழுத்துக்கு, 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, முதல் வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டு. ஆகவே வாரிசுகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியாயிற்று. வாசகரின் பதில் கடிதங்களுக்கு அவர் குடும்பத்தின் சம்மதம் தனியாக வேண்டும்.

லாமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது.