8.8 எண்டு ஆர் சொன்னது?

கல்லடிக் கம்பி:
டெஸ்லா கொயில், அதான் நீளப் பொறி அடிக்கிற உயர்வோல்ட் சுருள், கட்டுறதுக்கு இங்க போட்ட அட்டவணையில, 9000 வோல்ட், 30 மில்லிஅம்பியர் நியோன் விளக்கு டிரான்ஸ்போமருக்கு 8.8 நானோபரட் கப்பாசிட்டர்தான் பொருத்தமாம். அட்டவணை போட்ட மகராசனுக்கு ஒரு கேள்வி: நம்மட கரண்ட் 50 ஹேர்ட்ஸா, 60ஆ? 8.8 அமெரிக்காக் கணக்கு. 0.03ஐ 2பை × 50 × 9000ஆல வகுங்க. 10.6 நானோபரட்.

சாய்ந்தமருது ஸ்பார்க்:
10.6உம் பிழைதான் தம்பி. மெயின்ஸோட ஒத்ததிர்வில நிக்கும். ஸ்பார்க் கேப் (பொறி பாயிற இடைவெளி) அகண்டு, பொறி பாயாம நிண்டா வோல்ட் 9000ஐத் தாண்டி ஏறி டிரான்ஸ்போமர்ர உள் இன்சுலேசனைக் கிழிக்கும். அசையாத கேப்புக்கு ஒண்டரை மடங்கு போடணும். 0.15 மைக்ரோபரட், 2000 வோல்ட் பொலிப்புரோப்பிலீன் 9ஐத் தொடராக் கட்டினா 16.7. ஒவ்வொண்டுக்கும் குறுக்க 10 மெகாஓம் தடை, இல்லாட்டி ஓஃப் பண்ணினாலும் அடிக்கும்.

கல்லடிக் கம்பி:
காக்கா, 9000க்கு உச்சம் 12,700. உங்கட 9 தாங்கிறது 18,000. அது காணுமா? 14 கட்டுங்க: 10.7உம் வரும், 28,000உம் தாங்கும். பொருத்தம் எண்டா பொருத்தம்.

சாய்ந்தமருது ஸ்பார்க்:
கப்பாசிட்டர் தப்பும், டிரான்ஸ்போமர் சாகும். நல்ல பொருத்தம்! வோல்ட் கூடினா தான் பொறிஞ்சு டிரான்ஸ்போமரைக் காக்கிற சேப்டி கேப் எண்டு ஒண்டு இருக்கு, கேள்விப்பட்டீங்களா?

ஆரையம்பதி ஓம்:
ரெண்டு பேரும் கப்பாசிட்டரோட சேருற முதற்சுருளை மறந்தாச்சு. மேல்சுருள் 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயில 0.5 கம்பி 1000 சுத்து, ஏறக்குறைய 20 மில்லிஹென்றி. மேல் வளையத்தோட 225 கிலோஹேர்ட்ஸ் எண்டு வைங்க. முதற்சுருளும் அதே அதிர்வெண்ணுக்கு வர 10.7க்கு 47 மைக்ரோஹென்றி வேணும், 16.7க்கு 30 காணும். கப்பாசிட்டரை மாத்திப்போட்டு டப்பை (முதற்சுருள்ல கம்பி தொடுற இடத்தை) அசைக்காட்டி எது போட்டும் பொறி வராது. மறுகா, டப்பை அரைச் சுத்து வெளியால வைங்க; பொறி நீள நீள மேல்சுருள்ர அதிர்வெண் இறங்கும்.

கல்லடிக் கம்பி:
டப்பை ஆர் கேட்டது? கதை 8.8.

வாவிக்கரை:
ஏர்த்தைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல்ல. மேல்சுருள்ர அடியை வீட்டு ஏர்த்தில குடுத்தா ஊட்டில உள்ள டிவியும் போகும். தனிக் கம்பி, ஈர மணல் தட்டும்வரை இறக்கணும்.

சாய்ந்தமருது ஸ்பார்க்:
உப்புக் காத்துக்கு மேல்சுருளுக்கு ரெண்டு கோட் வார்னிஷும்.

கல்லடிக் கம்பி:
உங்கட பக்கம் எல்லாத்துக்கும் வார்னிஷ்தானே மருந்து! சுருள் நெடுகப் பொறி ஓடினா அது கப்ளிங், ரெண்டு சுருளுக்கும் இடையில உள்ள பிணைப்பு, கூடினது. முதற்சுருளை ஒரு அங்குலம் இறக்குங்க.

சாய்ந்தமருது ஸ்பார்க்:
இறக்கிறன். 16.7 சரியெண்டு முதல்ல ஒத்துக்குங்க.

கல்லடிக் கம்பி:
10.6.