பனிக்காலத்தில் நாய்க்கு மூக்குதான் மைதானம்

குளிர்காலம் தொடங்கினால் நாய் வளர்க்கிற எல்லாருக்கும் ஒரே கவலைதான். நடை குறைந்துபோகிறதே, இவன் துறுதுறுப்பை எதில் தீர்ப்பது? எங்கள் ஜிம்மி பீகிள் இனம், நல்ல இளவயது. காலையில் ஆற அமரச் சுற்றிவிட்டு வராவிட்டால் அன்றைக்கு வீட்டில் ஒரு செருப்பும் தப்பாது. பாதையெல்லாம் உறைந்து கிடக்கிற மாதங்களில் அந்த நடை கால் மணி நேரமாகச் சுருங்கிவிடும். பகல் முழுக்க ஜன்னலோரம் நின்று குரைப்பான், சோபா மெத்தையைச் சுரண்டுவான்.

எனக்குக் கைகொடுத்தது பந்து இல்லை, மோப்பம். மனிதனின் மூக்கில் வாசனை உணரும் செல்கள் சுமார் 50, 60 லட்சம் என்கிறார்கள். நாய்க்கு அது 20 கோடிக்கும் மேல். அவ்வளவு பெரிய கருவியை வைத்துக்கொண்டு சும்மா படுத்திருக்கச் சொன்னால் எப்படி? காலுக்கு வேலை இல்லாத நாட்களில் மூக்குக்கு வேலை கொடுத்தாலே போதும், நாய் அடங்கிவிடும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

தொடங்கியது எளிமையாகத்தான். அவன் பார்க்கும்போதே தீனியில் ஒரு துண்டை நாற்காலிக் கால் பக்கம் வைத்து, "தேடு" என்பேன். அது பழகியதும் அவனைப் பக்கத்து அறையில் நிறுத்திவிட்டு ஒளித்தேன். முதலில் தரையில், அப்புறம் கதவுக்குப் பின்னால், அப்புறம் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில். ஒரேயடியாகக் கடினமாக்கினால் சலித்துப்போய் வந்து நம் முகத்தைப் பார்ப்பான். ஜெயிக்க ஜெயிக்கத்தான் ஆர்வம் ஏறும்.

தேடும்போது அவனைப் பார்க்க வேண்டும். தலை தரையோடு தாழ்ந்துவிடும். மூக்கிலிருந்து 'ஸ்ஃப் ஸ்ஃப்' என்று விடாமல் சத்தம். நாய் மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து முறை வாக்கில் காற்றை இழுக்குமாம், காது கொடுத்துக் கேட்டால் நம்பலாம். அலமாரியைத் தாண்டி இரண்டடி போனவன் சட்டென்று கழுத்தைத் திருப்புவான். அகலமாக ஆடிக்கொண்டிருந்த வால் குட்டையாக, படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். வாசனையின் ஓரம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பத்து நிமிடம் இப்படித் தேடினால், பெருமூச்சு விட்டுக் கம்பளத்தில் சரிந்து நெடுநேரம் தூங்குகிறான். ஓடிவிட்டு வந்த நாளில்கூட இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

இதற்கென்று எதையும் வாங்க வேண்டாம். பழைய துண்டில் தீனியைத் தூவிச் சுருட்டிக் கொடுக்கலாம். அட்டைப்பெட்டியில் கசக்கிய காகிதத்தைப் போட்டு உள்ளே புதைக்கலாம். பெட்டியில் ஸ்டேப்ளர் பின்னும் ஒட்டுநாடாவும் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காகிதத்தையே விழுங்குகிற நாய் என்றால் துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இன்னொன்று, ஒளிக்கிற தீனி அன்றைய சாப்பாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். நடையும் குறைந்து தின்பண்டமும் கூடினால் வசந்தம் வருவதற்குள் இடுப்பு காணாமல் போய்விடும். ரப்பர் பொம்மைக்குள் கடலை வெண்ணெய் தடவுகிறவர்கள் டப்பாவில் சைலிட்டால் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்த இனிப்பு நாய்க்கு விஷம்.

வழவழப்பான தரையில் பந்து எறிவதை நான் அடியோடு விட்டுவிட்டேன். திரும்பும்போது கால் சறுக்கி மூட்டு போகிறது. இழுபறி ஆட வேண்டுமென்றால் விரிப்பின் மேல் நின்று ஆடலாம்.

வெளியே போகிற கால் மணி நேரத்திலும் அவசரப்படுத்துவதில்லை. உச்சிப் பொழுதில் கூட்டிப்போய், அவன் நிற்கிற இடத்தில் நானும் நிற்கிறேன். பனியில் எந்த நாய் எப்போது போனது என்று அவன் படித்து முடிக்கட்டும்.

*

நண்பர் சொன்ன துண்டு விளையாட்டு எங்கள் வீட்டிலும் நடக்கிறது. வயதான நாய் வைத்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சேர்க்கிறேன். எங்களுடையது ஒல்லியான, முடி குட்டையான இனம், மூட்டுவலியும் உண்டு. ஹஸ்கி மாதிரி இரட்டை ரோமம் உள்ள நாய் பனியில் புரண்டு மகிழும். அதைப் பார்த்து இவளையும் விடக் கூடாது. கம்பளிச் சட்டை போட்டால்தான் வெளியே. உடம்பு நடுங்குவது, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது, வீட்டுப் பக்கமே திரும்பிப் பார்ப்பது, இதில் எது தெரிந்தாலும் உடனே திரும்பிவிடுகிறோம்.

உள்ளங்காலைப் பற்றி ஒரு விஷயம். நாயின் பாதத்தில், கீழே வருகிற சூடான ரத்தம் பக்கத்து ரத்தக்குழாயில் திரும்பிப் போகிற குளிர்ந்த ரத்தத்தைச் சூடாக்கி அனுப்புகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் இதை விளக்கினார்கள். அதனால்தான் பனியில் வெறுங்காலோடு அவ்வளவு நேரம் நிற்க முடிகிறது. ஆனால் பனி உருகுவதற்குச் சாலையில் தூவுகிற உப்புக்கு இந்த ஏற்பாடு உதவாது. அது தோலை எரிக்கும், நக்கினால் வயிற்றையும் கெடுக்கும். வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைக்க வேண்டும். அங்கே முடி நீளமாக இருந்தால் பனி உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், கத்தரித்து விடுங்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற உறைதடுப்பு நீர்மம் தித்திப்பாக இருக்கும், கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். வண்டிகள் நிற்கிற இடத்தில் தேங்கிய நீர் பக்கம் விடவே விடாதீர்கள். நக்கியது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

*

எங்கள் பார்டர் கோலி இன நாய்க்கு மோப்பம் மட்டும் போதவில்லை, மூளைக்கும் தீனி கேட்டாள். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி 1022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொண்டது. ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி மூன்று வருடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு பொம்மையில் ஆரம்பிக்கலாம். அதை மட்டும் தரையில் வைத்து, பெயரைச் சொல்லி, வாயில் எடுத்ததும் மனதாரப் பாராட்டுங்கள். அடுத்த பொம்மைக்கும் இப்படியே தனியாகப் பழக்கிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து வைத்துக் கேளுங்கள். தவறான பொம்மையைக் கொண்டுவந்தால் திட்டாதீர்கள், பேசாமல் வாங்கி வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம் தாராளம். பந்தும் கயிறும் எங்கள் வீட்டில் முடிந்தது, இந்த வாரம் வாத்து.