விளக்கெண்ணெய் சோதனையில் விடை பாதிதான் வருகிறது, உதவுங்கள்

செம்பருத்தி22:
நாளை மதியம் ரெக்கார்டு காட்ட வேண்டும், அவசரம். விளக்கெண்ணெயின் பாகியல் எண் (ஓட்டத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு), ஸ்டோக்ஸ் முறை, அதாவது எண்ணெய்க்குள் குண்டை விட்டு, அது இறங்கும் வேகத்திலிருந்து கணக்கிடுவது. எனக்கு 0.52 வருகிறது, புத்தகத்தில் 0.986. மூன்று தடவை செய்தும் இதேதான். எங்கே தவறு?

குழாயடி:
குண்டின் அளவு? எவ்வளவு தூரம், எத்தனை நொடி? ஜாடி எவ்வளவு அகலம்? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

செக்கடி:
எண்ணெயைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். மெல்லிய எண்ணெய் கொஞ்சம் கலந்திருந்தாலும் குண்டு சட்டென்று இறங்கிவிடும். செக்கில் ஆட்டியதை வாங்கி ஒரு முறை விட்டுப் பாருங்கள்.

அளவுகோல்:
ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருப்பீர்கள். நிறையப் பேர் அங்கேதான் சறுக்குவார்கள்.

பழையமாணவன்:
சூத்திரத்தில் வருவது ஆரத்தின் வர்க்கம். விட்டத்தைப் போட்டால் விடை நான்கு மடங்கு கூடும், குறையாது. பதில் எழுதுவதற்கு முன் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாமே. கேட்டவருக்கும் ஒன்று. வெப்பநிலை சொல்லாமல் பாகியல் எண் சொல்வதில் பொருளே இல்லை. முதல் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். 0.986 எத்தனை டிகிரிக்கு?

செம்பருத்தி22:
எஃகுக் குண்டு. சைக்கிள் கடையில் வாங்கிய பால்ரஸ், விட்டம் 3 மி.மீ. 30 செ.மீ. இறங்க 4.65 நொடி. புத்தகத்தில் 20 டிகிரி என்று போட்டிருக்கிறது. நான் வெப்பமானி வைக்கவில்லை. அது அவ்வளவு முக்கியமா?

குழாயடி:
விளக்கெண்ணெய்க்கு ரொம்ப முக்கியம். 10 டிகிரியில் 2.42, 20-இல் 0.986, 30-இல் 0.451, 40-இல் 0.231 பாஸ்கல் நொடி. பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழ பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போய்விடுகிறது. அதன் கொழுப்பு அமிலத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் பக்கத்து மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. மற்ற சமையல் எண்ணெய்களை விட இது இவ்வளவு கொழகொழப்பாக இருப்பது அதனால்தான். சூடு ஏற ஏற அந்தப் பிடி தளரும்.

தென்னந்தோப்பு:
மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. அதே கதைதான் இதுவும்.

பழையமாணவன்:
இல்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைகிறது, கொழுப்பு படிகமாகிறது. திரவம் திடமாவது வேறு, திரவமாகவே இருந்துகொண்டு மெதுவாக ஓடுவது வேறு.

தென்னந்தோப்பு:
பாதி உறைந்து கூழாக இருக்கும்போது ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா? ஓடத்தான் செய்கிறது, மெதுவாக. கெட்டியாக, அடர்த்தியாக இருந்தால் ஓட்டம் குறையும், அவ்வளவுதானே.

பழையமாணவன்:
அந்தக் கூழ் திடத்துகளும் திரவமும் கலந்த கலவை, ஸ்டோக்ஸ் சூத்திரம் அதற்குப் பொருந்தாது. அப்புறம் அடர்த்தியை இதில் இழுக்காதீர்கள். விளக்கெண்ணெய் தண்ணீரில் மிதக்கும், அடர்த்தி 0.96தான். ஆனால் 20 டிகிரியில் அதன் பாகியல் எண் தண்ணீருடையதைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

அளவுகோல்:
தேங்காய் எண்ணெய்க்குத் தனி இழை போடுங்கள். செம்பருத்தி, ஆய்வகம் 30 டிகிரி என்றே வைத்தாலும் 0.451 வர வேண்டும், உங்களுக்கு 0.52. அந்த மிச்சத்துக்கு ஜாடி காரணமாக இருக்கலாம். குண்டு இறங்கும்போது எண்ணெய் பக்கவாட்டில் மேலே ஏற வேண்டும். சுவர் நெருங்கி இருந்தால் அதற்கு வழி குறையும், குண்டு மெதுவாகும், விடை கூடும். குண்டின் விட்டத்தை ஜாடியின் உள்விட்டத்தால் வகுத்து, 2.1-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். உங்கள் விடையை அதனால் வகுங்கள். குண்டு சுவரை ஒட்டாமல் நடுவில் இறங்கியதா என்பதையும் பாருங்கள்.

குழாயடி:
ஆமாம், உள்விட்டம் சொல்லுங்கள். முதலிலேயே கேட்டேன்.

செம்பருத்தி22:
இன்று காலை வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 30. ஜாடி உள்விட்டம் 4 செ.மீ. 1.1575-ஆல் வகுத்தால் 0.449. ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

செக்கடி:
அப்படியானால் எண்ணெய் நல்ல எண்ணெய்தான், நான் நினைத்தது தவறு.

தென்னந்தோப்பு:
சரி, 26 டிகிரியில் தேங்காய் எண்ணெய் முழுக்கத் திரவமாகத்தானே இருக்கும்? அப்போது இதே பால்ரஸை விட்டால் ஸ்டோக்ஸ் பொருந்துமா?

அளவுகோல்:
3 மி.மீ. குண்டு அதில் மிக வேகமாக இறங்கிவிடும், ரேனால்ட்ஸ் எண் (ஓட்டத்தில் பாகியலை விட வேகத்தின் பங்கு எவ்வளவு என்று காட்டும் எண்) 1-ஐத் தாண்டிவிடும், சூத்திரம் நிற்காது. இன்னும் சிறிய குண்டு தேடுங்கள்.