டாங்கி வேட்டைக்கு விமானத்தில் பீரங்கி: பலன் இருந்ததா, வெறும் பில்டப்பா?

இரும்புக்கழுகு:
இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து பீரங்கியால் சுட்டு டாங்கியை உடைத்ததெல்லாம் போர்க்காலப் பிரச்சாரம் என்று ஒருவர் நேற்று எழுதிவிட்டுப் போய்விட்டார். தனியாகவே பேசிவிடலாம் என்று இதைத் தொடங்குகிறேன். ஜெர்மனியின் ஸ்டூகா குண்டுவீச்சு விமானத்தின் ஜி மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1943ல் குண்டுவீச்சுக்கு அது காலாவதியான வண்டி. இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக 37 மி.மீ. பீரங்கியைத் தொங்கவிட்டு, டங்ஸ்டன் மையம் வைத்த ரவுண்டை (பீரங்கிக் குண்டை) கொடுத்ததும் அதே வண்டி ரஷ்யாவில் குர்ஸ்க் சண்டையில் சோவியத் டி-34 டாங்கிகளின் பின்பக்கமாகப் போய் அடித்தது. முன்பக்கக் கவசத்தோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? எஞ்சினுக்கு மேலுள்ள தகடு சுமார் 20 மி.மீ.தான். ருடெல் என்ற ஒரே விமானியின் கணக்கில் 519 டாங்கி இருக்கிறது. இதுவும் பில்டப்பா?

கணக்குப்பிள்ளை:
அந்த 519ஐ யார் எண்ணினார்கள் என்பதுதான் என் கேள்வி. 1944 ஆகஸ்டில் பிரான்சில் மோர்த்தேன் என்ற இடத்தில் நேச நாட்டு விமானிகள் நூற்றுக்கணக்கில் ஜெர்மன் டாங்கிகளை அழித்ததாகச் சொன்னார்கள். சண்டை முடிந்து பிரிட்டிஷ் ஆய்வுக் குழு தரையில் போய்ப் பார்த்தபோது கிடந்தவை டாங்கிகளும் தானே நகரும் பீரங்கி வண்டிகளும் சேர்த்து 46. அதில் வானிலிருந்து அடிபட்டது 9. விமானி பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை. புழுதி, புகை, கீழிருந்து சரமாரியாகச் சூடு, இவற்றுக்கு நடுவே இரண்டு விநாடி பார்க்கிறான். ஏற்கெனவே செத்த டாங்கியை நாலு பேர் சுட்டால் நாலு டாங்கி ஆகிவிடும், அவ்வளவுதான்.

இரும்புக்கழுகு:
அண்ணே, மோர்த்தேனை எனக்கு எதிராக எடுத்து நீட்டுகிறீர்களே, அது என் பக்கத்துச் சாட்சி! அங்கே டைஃபூன் விமானங்கள் வீசியது ராக்கெட். ராக்கெட் எங்கே போய் விழும் என்று அதை விட்டவனுக்கே தெரியாது. பீரங்கி அப்படியில்லை, குறி வைத்த இடத்துக்கு வரும். வட ஆப்பிரிக்காவில் 1942ல் இரண்டு 40 மி.மீ. விக்கர்ஸ் பீரங்கி கட்டிய ஹரிக்கேன் விமானங்கள் வந்தன. அதை ஓட்டிய பிரிட்டிஷ் 6வது ஸ்குவாட்ரனுக்கு (விமானப் படைப்பிரிவுக்கு) "பறக்கும் டப்பா திறப்பான்" என்றே பட்டப்பெயர். சும்மா வருமா அந்தப் பெயர்?

லேத் பட்டறை:
பெயர் வந்தது சரி, அந்த ஹரிக்கேன் ஒவ்வொரு முறை சுடும்போதும் மூக்கு கீழே குத்தும், விமானி மறுபடி தூக்கிக் குறி பார்த்துத்தான் அடுத்ததைச் சுட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? நான் இரும்பு வேலை செய்கிறவன், எனக்கு இதில் உதைதான், அதாவது சுடும்போது பீரங்கி பின்னால் தள்ளுகிற விசைதான் முக்கியம். சோவியத்காரர்கள் இல்-2 என்ற தரைத்தாக்குதல் விமானத்தின் இறக்கையில் 37 மி.மீ. பீரங்கி இரண்டு பொருத்தினார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வெடிக்காது. உடம்பிலிருந்து தள்ளி இருப்பதால் ஒன்று முந்தினாலே விமானம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். இரண்டு மூன்று ரவுண்டுக்கு மேல் தொடர்ந்து சுட்டால் குறி போச்சு. அதனால் அதை அதிக நாள் தயாரிக்கவே இல்லை. அதே குர்ஸ்க்கில் அவர்களுக்கு உருப்படியாக வேலை செய்தது ஒன்றரைக் கிலோ எடையுள்ள பிடாப் என்ற சின்னக் குண்டு. ஒரு விமானத்தில் சுமார் 200 ஏற்றலாம், மொத்தமாகக் கொட்டலாம், டாங்கியின் கூரையில் ஒன்று விழுந்தால் போதும். குறி பார்க்கிற திறமையே தேவையில்லை. எனக்குப் பிடித்த தீர்வு அதுதான், கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும்.

கணக்குப்பிள்ளை:
கழுகாரே, உங்கள் ஸ்டூகாவுக்கே வருகிறேன். ஒரு பீரங்கிக்கு 12 ரவுண்டு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 12 முறைதான் சுட முடியும். மெதுவான விமானம், இறக்கையில் அந்தப் பாரம் வேறு. தாழப் பறந்து, நேராகப் போய், மிக நெருக்கத்தில் சுட வேண்டும். கீழே விமான எதிர்ப்புத் துப்பாக்கி இருந்தால் கதை முடிந்தது. ருடெலே தரைச் சூட்டில் முப்பது தடவை விழுந்தவர், கடைசியில் ஒரு காலையும் இழந்தார். அவர் பிழைத்தார், மற்றவர்கள்? (போருக்குப் பிறகும் கடைசிவரை நாஜியாகவே இருந்த மனிதர் அவர். வீரக்கதை படிக்கிறவர்கள் அதையும் நினைவில் வைக்கலாம்.) உங்கள் 6வது ஸ்குவாட்ரனும் 1943ல் துனிசியாவில் தரைச் சூட்டில் பலமாக அடிவாங்கி, பிறகு ராக்கெட்டுக்குத்தான் மாறியது.

இரும்புக்கழுகு:
ருடெலின் அரசியலை நான் எங்கே தாங்கிப் பிடித்தேன்? அந்தப் பேச்சு வேண்டாம். 519ல் பாதியைக் கழித்துவிடுங்கள், இன்னும் கொஞ்சம்கூடக் கழியுங்கள், அப்போதும் அது சின்ன எண்ணிக்கை இல்லை.

புளியமரம்:
நடுவே வருகிறேன், மன்னிக்கவும். பர்மாவை ஏன் யாருமே சொல்லவில்லை? 1945 பிப்ரவரியில் ஐராவதிக் கரையில் பிரிட்டிஷ் 20வது ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்கள், ஜப்பானியர்கள் ஒளித்து வைத்திருந்த டாங்கிகளைக் கண்டுபிடித்து ஒரே நாளில் 13 அடித்ததாகக் கணக்கு. ஒன்றைக் குடிசை மாதிரி மூடி வைத்திருந்தார்களாம். ஜெர்மனியின் டைகர் டாங்கியிடம் பலிக்காத அதே 40 மி.மீ. பீரங்கிதான். ஜப்பானிய இலகு டாங்கியின் கவசமோ அதிகபட்சம் 12 மி.மீ. என்னைக் கேட்டால் பீரங்கி நல்லதா கெட்டதா என்பதைவிட எதிரில் நிற்கும் தகடு எவ்வளவு தடிமன் என்று பார்க்க வேண்டும்.

லேத் பட்டறை:
புளியமரம் சொன்னது சரி. தகடு தடிமனாக ஆக, பீரங்கியும் பெரிதாகிக்கொண்டே போகும். அப்படிப் போய்த்தான் ஜெர்மானியர்கள் ஹென்ஷல் 129 விமானத்தில் 75 மி.மீ. பீரங்கியை மாட்டினார்கள். ஏற்கெனவே பலமில்லாத இரண்டு பிரெஞ்சு எஞ்சின். காக்பிட் எவ்வளவு குறுகல் என்றால் அளவு காட்டும் சில மீட்டர்களை எஞ்சின் மூடிமேல், வெளியே வைத்திருந்தார்கள். அதன் வயிற்றில் இதையும் கட்டினால் பறக்குமா, நகருமா? பாவம் அந்த விமானி.

இரும்புக்கழுகு:
அப்படியானால் பிற்காலத்தில் அமெரிக்காவின் ஏ-10 தாக்குதல் விமானம் எப்படி வந்தது? பீரங்கியை முதலில் வைத்துவிட்டு அதைச் சுற்றி விமானம் கட்டினார்கள் என்றே சொல்வார்கள். 30 மி.மீ., ஏழு குழல், நிமிடத்துக்கு 3,900 ரவுண்டு வேகம். லேத் அண்ணன் சொன்ன உதைக்கும் அதில் பதில் இருக்கிறது, சுடுகிற குழல் விமானத்தின் நடுக்கோட்டில் வருகிற மாதிரி வைத்திருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
வைத்தார்கள். 1991 வளைகுடாப் போரில் அதே ஏ-10 டாங்கிகளை அதிகமாக அடித்தது மாவெரிக் ஏவுகணையால். தூரத்தில் இருந்தே விடலாம், கீழே போய்த் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இரும்புக்கழுகு:
ஏவுகணை தீர்ந்தபிறகு எதை வைத்துச் சுட்டார்கள் என்றும் சொல்லுங்கள் அண்ணே.

கணக்குப்பிள்ளை:
லாரிகளை 😄

லேத் பட்டறை:
லாரிக்கு 30 மி.மீ. கொஞ்சம் அதிகம்தான். சரி, நான் பட்டறை திறக்கணும், சாயங்காலம் வருகிறேன்.