வெயில் நன்றாகக் கிடைத்தும் நெல்லில் கருக்காய் (மணி பிடிக்காத பதர்) அதிகம். வேரில் கோளாறா?

வெண்ணாற்றுப் பாசனம்: மன்னார்குடி பக்கம் களிமண் வயல், சி.ஆர். 1009 என்ற நெல் ரகம், சம்பாப் பட்டம். போன வருடம் பயிர் கருகருவென்று மூடி நின்றது, வெயிலும் குறைவில்லை. பூத்துப் பதினைந்து நாளில் கண்ணாடி இலை (கதிருக்கு அடுத்த கடைசி இலை) பழுத்து, கதிரில் பாதி கருக்காய். இந்த வருடம் நட்டு 45 நாள். இப்போதே அடியிலை மஞ்சள். யூரியா போடலாமா?

நெல்பித்தன்: பொறுங்கள் அண்ணே. ஒரு குத்தை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, அலசிப் பாருங்கள். பிடுங்கினால் நுனிவேர் அறுந்துவிடும். புது வேர் வெள்ளை, பழைய வேர் துருநிறம் என்றால் நலம்.

வெண்ணாற்றுப் பாசனம்: பெரும்பாலும் கறுப்பு. காலை வைத்தால் அழுகிய முட்டை வாடை. பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டை மடக்கி உழுது மூன்றாம் நாளே நட்டோம், அன்றிலிருந்து தண்ணீர் வற்றவே இல்லை.

நெல்பித்தன்: அதுதான் காரணம். பசுந்தாள் காற்றில்லாத சேற்றில் மட்கும்போது அந்த முட்டை வாடைக்குக் காரணமான சல்பைடு உண்டாகி வேரைக் கறுக்க வைக்கிறது. மணியில் சேரும் மாவில் பெரும்பங்கு பூத்த பிறகு இலை சமைப்பது. அந்த நாட்களில் கதிர் இலையிலிருந்து தழைச்சத்தை இழுக்கும். வேர் உயிரோடிருந்தால் மண்ணிலிருந்து எடுத்து ஈடுகட்டும். இலையைப் பச்சையாக வைக்கும் சைட்டோகைனின் என்ற ஹார்மோனும் வேர்நுனியில்தான் அதிகம் உருவாகிறது. வேர் செத்தால் இலை பழுக்கும், அப்புறம் எவ்வளவு வெயில் அடித்தும் பயனில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேருக்குச் சர்க்கரை அனுப்புவது பெரும்பாலும் அடியிலைகள். இப்போது யூரியா போட்டால் மேலே தழைத்து, அடியில் நிழல் விழுந்து, வேர் பட்டினி கிடக்கும். தயவுசெய்து வேண்டாம்.

முதலில் தண்ணீரை வடியுங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் பாய்ச்சுங்கள். களிமண், பெருவெடிப்பு விட்டால் வேர் அறும். பிறகு காய்ச்சலும் பாய்ச்சலும்தான், அதாவது காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டுவது.

கடைமடை: துளையிட்ட குழாயை வயலில் புதைத்துப் பாருங்கள். தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பொதிப்பருவத்திலும் (கதிர் உறைக்குள் இருக்கும் பருவம்) பூக்கும்போதும் மட்டும் காயவிடாதீர்கள், 5 செ.மீ. நிற்கட்டும்.

வெண்ணாற்றுப் பாசனம்: வடித்து எட்டு நாள். வாடை குறைந்திருக்கிறது, குத்தின் மேற்புறம் வெள்ளை வேர் விட்டிருக்கிறது! மேல்வயல் தண்ணீர் மட்டும் இன்னும் கசிந்து வருகிறது.

நெல்பித்தன்: ரொம்ப சந்தோஷம் அண்ணே. மேல்வரப்பை ஒட்டி உள்பக்கம் ஒரு வாய்க்கால் இழுத்து வடிகாலில் விடுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். யூரியாவை, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை பார்த்து அப்புறம் முடிவு செய்யலாம்.