பர்கூரா, திருநெல்வேலியா? பொறியியல் கவுன்சிலிங் சாய்ஸ் வரிசைக்கு யோசனை வேணும்
வணக்கம். கிருஷ்ணகிரி பக்கத்துக் காவேரிப்பட்டணத்துப் பொண்ணு, கட்-ஆஃப் 200-க்கு 178: கணக்கு 92, இயற்பியல் 43, வேதியியல் 43. ஆறுலேர்ந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. 7.5% ஒதுக்கீட்டுல போனா ஃபீஸ், ஹாஸ்டல் ரெண்டும் அரசு கட்டும். அதனால செலவு பிரச்சினை இல்ல, தூரம்தான்.

வீட்டுல "பக்கத்துல இருக்கட்டும்"னு பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியை முதல் சாய்ஸா போடச் சொல்றாங்க. அங்கே சீட் இருந்தா அதுவே விழுந்துடும். கீழே போட்ட திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியைக் கம்ப்யூட்டர் எட்டிக்கூடப் பார்க்காது. பொண்ணுக்குப் பிடிச்சது திருநெல்வேலி இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்). அதைத்தான் மேலே போடணும்ங்கிறது என் கட்சி.

திருநெல்வேலியில படிக்கிறவங்க சொல்லுங்க: முதல் வருஷமே லேடீஸ் ஹாஸ்டல்ல இடம் கிடைக்குதா? மெஸ் மூடுற லீவுல எங்கே தங்குறாங்க? கிருஷ்ணகிரியில ரயில் கிடையாது. சேலத்துல மாறி வர்றதுக்கு ராத்திரி எந்த வண்டி சரிப்படும்?